பள்ளிக் கட்டடம்: காற்றா, கரன்ட்டா, குழாயா, எதை முதலில் தொடுவது?

வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். கட்டட வேலை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பெரிய தலைவலி காற்றோட்டம்தான். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வகுப்பில் வைத்தோம். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு). உள்ளே இரண்டாவது பீரியட் முடிவதற்குள் 1,800. ஆயிரத்தைத் தாண்டினாலே காற்று போதவில்லை என்பார்கள். பிள்ளைகள் தூங்கி வழிவதற்கு வாத்தியாரை மட்டும் குறை சொல்ல முடியாது போல! ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம். எதிர்ச்சுவரில் மேலே வென்டிலேட்டர் திறந்தால் போதுமா, எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டுமா? பாரம் தாங்கும் சுவர், உடைக்கப் பயமாக இருக்கிறது.

மின்விசிறிகள் 75 வாட் பழசு. 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, கரன்ட் குறைவாக இழுக்கும் மோட்டார்) விசிறிகளை மொத்தமாக மாட்டலாமா, பழுதாகப் பழுதாக மாற்றலாமா?

ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் தண்ணீர் மீட்டர் சுற்றுகிறது. ஃபிளஷ் தொட்டிகளில் கலர்ப்பொடி போட்டுப் பார்த்தோம், இரண்டு ஒழுகின. சரிசெய்த பிறகும் மீட்டர் நிற்கவில்லை. மண்ணுக்கடியில் ஒழுகுகிறதோ? தரையைத் தோண்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?

எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. காற்றை முதலில் பார்க்கலாம் என்கிறேன் நான். தலைமையாசிரியர் குழாய் என்கிறார்.