பீகிள்போன் பிளாக்கிற்கான கெர்னல் கட்டமைப்பில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில், அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் மதகடியில் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி ஒன்றை, பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையைக் கொண்டு அமைத்து வருகிறேன். சோலார் பேனலில் இயங்க வேண்டியிருப்பதால், வேகமாக எழும் சிறிய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தேவைப்படுகிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் இதைப் பொருத்திவிட வேண்டும்.

பலகையின் செயலி கார்டெக்ஸ்-ஏ8 வகை. அதாவது 32 பிட் ஏஆர்எம்வி7. என் மடிக்கணினி எக்ஸ்86 என்பதால் வேறு வகைச் செயலிக்கான நிரலை உருவாக்கும் கிராஸ் கம்பைலரைப் பயன்படுத்தி, கெர்னலுடன் வரும் இயல்புநிலைத் தேர்வுகளின் கோப்பான ஓமேப்2பிளஸ் டெஃப்கான்ஃபிக்கை அடிப்படையாக வைத்து, தேர்வுகளை மாற்றும் மெனுகான்ஃபிக்கில் பிற சிப் குடும்பங்களான ஓமேப்3, ஓமேப்4, ஓமேப்5 ஆகியவற்றை நீக்கி, இப்பலகையின் சிப் குடும்பமான ஏஎம்33எக்ஸ்எக்ஸை மட்டும் விட்டுவைத்தேன். இந்தச் செயலி ஏற்காத எல்பிஏஈ (பெரிய நினைவக முகவரிகளுக்கான வசதி) தேர்வு அணைந்தே இருக்கிறது. தொடக்கத்தில் மாட்யூல்களை ஏற்றித்தரும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாததால், எஸ்டி கார்டு டிரைவரையும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும் மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துள்ளேன்.

கம்பைல் பிழையின்றி முடிகிறது. ஆனால் பலகையை இயக்கினால், சீரியல் திரையில் கெர்னலை ஏற்றும் நிரலான யூ-பூட்டின் ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரியோடு எல்லாம் நின்றுவிடுகிறது. மாற்றம் செய்யாத டெஃப்கான்ஃபிக்கோ, அதே டிவைஸ் ட்ரீயுடனும் (பலகையின் வன்பொருள் விவரக் கோப்பு) அதே கன்சோல் அளவுருவுடனும் ஒழுங்காக எழுகிறது. எனவே நான் நீக்கியவற்றுள் ஏதோ ஒன்றை இந்தச் செயலியும் சார்ந்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

ஏஎம்33எக்ஸ்எக்ஸுக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய கிளாக், டைமர், சீரியல் தேர்வுகள் எவை? கன்சோல் எழுவதற்கு முந்தைய செய்திகளைக் காண, தொடக்கநிலைப் பிழைத்திருத்தச் செய்திகளுக்கான டீபக் எல்எல் பகுதியில் இப்பலகையின் யூஆர்ட்0 சீரியல் போர்ட்டை எப்படித் தேர்வது? இவ்வகைச் செயலியில் கெர்னல் கட்டிப் பழகியவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும். கேட்பவர்களுக்கு இரு கான்ஃபிக் கோப்புகளையும் உடனே அனுப்புகிறேன்.