‘கொ’ வரிசையில் நின்றுவிடும் ஆறு பிள்ளைகள்: என்ன கருவி செய்யலாம்?

சென்னிமலை டீச்சர் கேட்டது:

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு, 23 பிள்ளைகள். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, வாசிக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் உட்கார வைக்கிறேன். தொடக்க நிலையான அரும்பில் ஆறு பேர். க, கா, கி தாண்டிவிட்டார்கள். ‘கொடி’ என்று எழுதினால் நின்றுவிடுகிறார்கள்.

நேற்று ஒரு பையன் விரலை வைத்து ‘கெ’ என்றான். விரல் துணைக்காலுக்கு வந்ததும் ‘ஆ’ என்றான். அப்புறம் ‘டி’. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். கண்ணுக்குத் தெரிந்ததை வரிசையாகப் படித்திருக்கிறான், அவன் மேல் என்ன தப்பு? திருத்த எனக்கு வாய் வரவில்லை.

நாற்பது மின்னட்டை எழுதி லேமினேஷன் போட்டேன். அட்டையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். முனை மடங்கிய அட்டையைக் காட்டினால் ‘கொக்கு’ என்கிறார்கள், அதையே பலகையில் எழுதினால் தெரியவில்லை. ஆறு பேரோடு உட்கார தினமும் இருபது நிமிடம் கிடைக்கும். அதற்குள் பிள்ளைகளே கையில் வைத்துப் பழகுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

கோபி வாத்தியார் (ஓய்வு):

டீச்சர், அந்தப் பையன் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசையோ பின்னால் வரும். ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. இரண்டும் சேர்ந்து ஒரே ஓசை என்பதை வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, கையால் திருப்பிப் பார்த்தால் ஏறும்.

உங்கள் ஊரில் தறி இருக்கிறதே. நூல் தீர்ந்த காகிதக் கோன் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்தால் மேல்கோன் சுற்றும். உள்கோனில் வெள்ளைத்தாள் ஒட்டி, சுற்றிலும் க, ச, த, ந, ப, ம எழுதுங்கள். ஆறுக்கு மேல் வேண்டாம், நெருங்கிவிடும். மேல்கோனில் ஒரு எழுத்து மட்டும் தெரிகிற அளவுக்கு பிளேடால் சன்னல் வெட்டி, சன்னலுக்கு இடது பக்கம் ஒற்றைக்கொம்பு, வலது பக்கம் துணைக்கால். திருப்பத் திருப்ப கொ, சொ, தொ, நொ என்று வரும். கொம்பும் காலும் அசையாமல் நிற்க, நடுவில் எழுத்து மட்டும் மாறுவதைப் பிள்ளை தன் கையாலேயே பார்க்கும்.

ஆனால் ‘கொ’வில் ஆரம்பிக்காதீர்கள். முதல் மேல்கோன் இணைக்கொம்புக்கு இருக்கட்டும். கை, தை, பை, மை நான்கும் தனியாகவே சொற்கள். முதல் நாளே ‘நான் படித்துவிட்டேன்’ என்கிற தைரியம் வந்துவிடும். அப்புறம் கெ, கே. கடைசியில்தான் கொ, கோ.

இரண்டாவது உள்கோனில் ண, ல, ள, ற, ன. நான் படித்த காலத்தில் லை, ணை எல்லாம் தும்பிக்கை போட்ட தனி எழுத்து. 1978 சீர்திருத்தத்தில் அப்படிப்பட்ட 13 எழுத்துகள் மாறியதால்தான் இன்றைக்கு ஒரே இணைக்கொம்பு கோனை வைத்து மலை, யானை வரை போக முடிகிறது.

உகர, ஊகார வரிசையை மட்டும் கோனில் கொண்டுவராதீர்கள். கு, சு, டு, து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம், அதைத் தனித்தனியாக எழுதித்தான் பழக்க வேண்டும்.

பல்லடம் அக்கா:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் வகுப்பில் ஒடியா, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். இந்தியில் எகர, ஒகரத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ‘கொடு’வும் ‘கோடு’ம் அவர்கள் காதுக்கு ஒன்றுதான். பனியன் கம்பெனி வேஸ்டில் வரும் எலாஸ்டிக் நாடாவை ஒரு சாண் நீளம் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவேன். குறில் என்றால் நாடா சும்மா இருக்கும், நெடில் என்றால் இழுக்க வேண்டும். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று விளக்க வேண்டிய வேலையே இல்லை. இழுக்கும்போது வாயும் தானாக நீளும். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது உதவுகிறது.

காங்கேயம் சார்:

மீதி 17 பேர் சத்தம் போட்டால் இருபது நிமிடமும் போய்விடும். மலர் பிள்ளைகளிடம் பள்ளிக்கு வந்த வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்களில் ‘நுழை’, ‘நட’ என்ற எளிய இரண்டு நிலைகளையும் கொடுத்து, மொட்டுப் பிள்ளைக்கு ஒருவர் வீதம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டச் சொல்லுங்கள். என் வகுப்பில் அப்படித்தான் ஓடுகிறது.

சென்னிமலை டீச்சர் (இரண்டு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றிங்க. தறிக்குடோனில் கேட்டதும் ஒரு சாக்கு கோன் கொடுத்தார்கள். முதலில் சன்னலைப் பெரிதாக வெட்டிவிட்டேன், பக்கத்து எழுத்தும் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் தாள் ஒட்டிச் சரிசெய்தேன்.

கை, தை, பை இரண்டே நாளில் முடிந்தது. ‘கொ’ கோனை எடுத்தது போன வியாழக்கிழமை. அதே பையன்தான் கேட்டு வாங்கித் திருப்பினான். ‘பொ’ வந்ததும் நிறுத்தி, கொஞ்ச நேரம் உதட்டை மட்டும் அசைத்தான். அப்புறம் சத்தமாக, “டீச்சர், பொடக்காலி!” என்றான். வீட்டுப் பின்பக்கத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பக்கத்தில் இருந்த புள்ள உடனே கோனைப் பிடுங்கி ‘கொ’வுக்குத் திருப்பி, “கொடாப்பு” என்றாள். கோழியை அடைக்கிற கூடைதான் கொடாப்பு, அவள் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். இரண்டையும் பலகையில் எழுதினேன். ‘பொடக்காலி’யில் விரல் வைத்தவன் இந்த முறை கொம்பையும் காலையும் சேர்த்து மூடிக்கொண்டு ‘பொ’ என்றான்.

மடங்கின முனை அட்டையை எடுத்து வைத்துவிட்டேன். ஆறில் இரண்டு பேருக்கு ‘கோ’ இன்னும் ‘கொ’வாகத்தான் வருகிறது. பல்லடம் அக்கா, நாடா எந்த அகலத்தில் எடுக்கிறீர்கள்? அரை இஞ்ச் போதுமா?