மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறியும் சுகர் இறங்கலையே!

மன்னார்குடிக்காரன்:

போன தை மாசம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 98 செ.மீ. நம்ம ஊர் ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80, அதைத் தாண்டக் கூடாதாம். வெறும் வயித்துச் சுகர் 112, டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு 240, பிரஷர் 136/88. நல்ல கொழுப்பு மட்டும் 42, எப்படியோ தப்பிச்சுது. "இந்த அஞ்சுல மூணு எல்லை தாண்டினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சுகர் வியாதிக்கும் இதய நோய்க்கும் வழி விடற கோளாறுக் கூட்டம். உங்ககிட்ட நாலு இருக்கு"ன்னார். சாப்பாட்டுல சரி பண்றேன், கொஞ்சம் டைம் கொடுங்கன்னு கேட்டு வந்தேன்.

பொன்னி மூட்டையை ஓரங்கட்டிட்டு மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி வாங்கினேன். நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டிப் பக்கம் தேடித் தேடி மீட்ட ரகங்களாச்சே, தப்பாப் போகுமா? அந்தத் தெம்புல மூணு வேளையும் குவிச்சுச் சாப்பிட்டேன். கூடவே தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை. ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா சுகர் 110!

டாக்டர் சிரிச்சுட்டார். "செவப்போ கருப்போ, சோறு சோறுதானே?" மாத்திரை டப்பாவையும் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் பெரிசா 1000 மி.கி. பின்பக்கம் பொடி எழுத்துல ஒமேகா 3 கொழுப்புகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. ஆக, உருப்படியான சரக்கு 300 மி.கி.தான். டிரைகிளிசரைடு இறங்க அது தினம் 2 முதல் 4 கிராம் வேணுமாம், அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுக்கணும்.

அப்புறம்தான் தட்டு மாறுச்சு. மூணு கரண்டி சோறு ஒண்ணாச்சு. பாதித் தட்டுக்கு அவரை, புடலை, வாழைத்தண்டு. கூட்டைத் தின்னு முடிச்சுட்டுத்தான் சோத்துல கை வைப்பேன். ராத்திரிக்குப் பச்சைப்பயறுச் சுண்டல். டிகிரி காபியை விட முடியல, சர்க்கரையை விட்டேன். முதல் வாரம் கஷாயம் குடிக்கிற மாதிரி இருந்துச்சு. சாயந்திரம் பாமணி ஆத்தங்கரையில 40 நிமிஷம் நடை. அதுக்கப்புறம் மூணு மாசத்துல இடுப்பு 93, சுகர் 101, டிரைகிளிசரைடு 168. பிரஷர் மட்டும் அசையல, அதுக்கு மாத்திரை போடறேன்.

கும்பகோணத்து அக்கா:

தம்பி, மாத்திரையை மட்டும் நீயா நிறுத்திடாதே. ஒரு கடையில மூலிகைப் பொடி கொடுத்து, இனிமே மாத்திரையே வேணாம்னாங்க. நானும் நம்பி நிறுத்தினேன். பத்தாம் நாள் தலை கனத்துப் போய்ப் பார்த்தா பிரஷர் 170. இப்ப மாத்திரையும் உண்டு, ஊற வச்ச வெந்தயமும் உண்டு. சுகர் மாத்திரை போடறவங்க வெந்தயத்தை அள்ளித் தின்னா சுகர் ரொம்ப இறங்கிடலாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டுச் சாப்பிடுங்க.

நாகப்பட்டினத்துத் தம்பி:

அண்ணே, மாத்திரைக்குக் கொடுக்கற காசுக்கு மத்தி வாங்குங்க. அந்த ஒமேகா 3 அதுலயே இருக்கு. வறுக்காம புளி ஊத்திக் குழம்பு வைங்க.

மன்னார்குடிக்காரன்:

எங்க வீடு சைவம்ப்பா. மீன் எண்ணெய் மாத்திரையையே வீட்டம்மாவுக்குத் தெரியாம கடையில வச்சுத்தான் முழுங்கினேன்.