மெட்ரோவில் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’: எந்த ஆப், பழைய எபிசோடுகளுக்கு என்ன வழி?

பர்ப்பிள்லைன் கேட்டது:

வணக்கம். பெங்களூருவில் காடுகோடி – மெஜஸ்டிக் மெட்ரோ பயணமும் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ (உண்மைக் கதைகள் சொல்லும் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி) எபிசோடும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் வண்டியில்தான் கேட்பது. கூகுள் பாட்காஸ்ட்ஸை 2024இல் மூடிய பிறகு பிரவுசரில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சரிப்படவில்லை. எம்.ஜி. ரோடு தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கினால் பேச்சு நின்றுவிடுகிறது. சரி, ஆப் போடலாம் என்று தேடினால் எல்லா ஆப்பிலும் அண்மைய சில எபிசோடுகள்தான் காட்டுகிறது. 1995இலிருந்து வரும் நிகழ்ச்சி, மீதியெல்லாம் எங்கே?

மூன்றாவது, யாராவது குரலைத் தாழ்த்திப் பேசும் இடங்கள் ரயில் இரைச்சலில் காணாமல் போகின்றன. கடைசியாக, அப்பாவுக்கும் இதைப் பழக்க ஆசை. ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். அமெரிக்க உச்சரிப்பின் வேகம்தான் அவருக்குப் பிடிபடாது. ஆண்ட்ராய்டு போன். தேவைப்பட்டால் காசு கட்டவும் தயார்.

சிற்றலை:

பழைய எபிசோடிலிருந்து ஆரம்பிக்கிறேன், குழப்பம் அதிகம் அங்கேதான்.

ஆப்பில் நீங்கள் பார்ப்பது நிகழ்ச்சியின் கிடங்கு அல்ல, ஃபீடு. ஃபீடு என்பது தயாரிப்பாளர்கள் இப்போதைக்கு வெளியே எடுத்து வைத்திருக்கும் பட்டியல், அவ்வளவே. எந்த ஆப்பை மாற்றினாலும் அதே பட்டியல்தான் வரும், ஆகவே பழைய எபிசோடுக்காக ஆப் மாற்றுவது வீண். முழுக் கிடங்கு அவர்களுடைய இணையதளத்தில் ஆண்டுவாரியாக இருக்கிறது, காசில்லாமல் கேட்கலாம். வீட்டு வைஃபையில் கேட்பதற்கு அதுவே போதும். பழையவை மெட்ரோவிலும் வேண்டும் என்றால் அவர்களுடைய ‘லைஃப் பார்ட்னர்ஸ்’ சந்தா. அதில் உங்களுக்கென்று தனி ஃபீடு முகவரி கிடைக்கும்; விளம்பரம் இல்லை, அவர்களே தேர்ந்தெடுத்த பழைய எபிசோடுகள் நூற்றுக்கணக்கில் ஆப்புக்குள்ளேயே வந்துவிடும். முதல் நாளே கட்ட வேண்டாம். இலவச ஃபீடில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

ஃபீடில் வருவதெல்லாம் புதுசு என்றும் எண்ண வேண்டாம். மறுஒலிபரப்பு நிறைய. எபிசோடு எண்ணைப் பார்த்தால் போதும்: 800க்கு மேல் போய்க்கொண்டிருக்கும் வரிசையில் நடுவே 500 சொச்சம் தலைகாட்டினால் அது பழசு. சில சமயம் முன்னுரையைப் புதுப்பித்திருப்பார்கள், கடைசியில் ‘அதன் பிறகு நடந்தது’ என்று ஒரு துண்டு சேர்த்திருப்பார்கள். தள்ளிவிடாமல் கேளுங்கள்.

ஆப்: ஆண்ட்ராய்டுக்கு ஆன்டெனாபாட். இலவசம், திறமூலம், கணக்கு தொடங்க வேண்டாம். ‘ஆட் பாட்காஸ்ட்’ போய்ப் பெயரைத் தேடினால் வந்துவிடும். சந்தா கட்டினால் அதே இடத்தில் ‘ஆர்எஸ்எஸ் அட்ரஸ்’ என்பதைத் தொட்டு உங்கள் தனி முகவரியை ஒட்டலாம். பாக்கெட் காஸ்ட்ஸும் நல்ல ஆப்தான், தேடல் பெட்டியிலேயே முகவரியை ஒட்டினால் எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபையில் இப்படி வெளி முகவரியை நாமாகச் சேர்க்க வழியில்லை.

பிறகு தானியங்கி டவுன்லோடை ‘வைஃபையில் மட்டும்’ என்று வையுங்கள். புதிய எபிசோடு அமெரிக்காவில் ஞாயிறு மாலை வெளியாகிறது, நமக்கு அது திங்கள் விடியல். அங்கே கோடையில் கடிகாரத்தை மாற்றுவதால் நம் கணக்கில் ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். இரவு முழுக்க போன் வைஃபையில் இருந்தால் கிளம்பும்போது எபிசோடு கையில் இருக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம். பின்னணியில் ஓடும் ஆப்பைப் போனே உறங்க வைத்துவிடும். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அதையும் இயக்க வேண்டும்.

இடக் கணக்கு பெரிதில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி, 64 என்றால் 29. பத்து எபிசோடு வைத்தாலும் 600 எம்பியைத் தாண்டாது.

கத்தரியும்_டேப்பும்:

சிற்றலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அடுத்த வாரமே இவருக்கு இது நடக்கும்.

விளம்பரங்கள் எபிசோடோடு நிரந்தரமாக ஒட்டியவை அல்ல. நீங்கள் டவுன்லோடு அழுத்தும் அந்த நேரத்தில், உங்கள் இடத்தைப் பார்த்து, சர்வர் விளம்பரத்தைச் செருகி ஒரு கோப்பைத் தைத்துக் கொடுக்கிறது. பெங்களூருவில் இறக்கியதும் சிகாகோவில் இறக்கியதும் நீளத்திலேயே வேறாக இருக்கலாம். இதனால் மூன்று தொல்லை.

டவுன்லோடு பாதியில் அறுந்து, ஆப் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், இரண்டாம் பாதி வேறு விளம்பரத்தோடு தைத்த கோப்பிலிருந்து வரக்கூடும். பைட் கணக்கு பொருந்தாது. கேட்கும்போது ஒரு வாக்கியம் இரண்டு முறை வரும், அல்லது நடுவே நான்கைந்து வாக்கியங்கள் காணாமல் போகும், அல்லது முடிவதற்கு முன்பே நின்றுவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று திட்டாமல், அழித்துவிட்டு வைஃபையில் ஒரே மூச்சில் மறுபடி இறக்குங்கள்.

அடுத்து, ‘முதல் 30 விநாடியைத் தாண்டு’ என்பதுபோன்ற வசதி பல ஆப்களில் இருக்கிறது. இந்த நிகழ்ச்சிக்கு அதைத் தொடவே வேண்டாம். முன்விளம்பரம் ஒரு வாரம் நீளம், மறுவாரம் குட்டை. விளம்பரம் இல்லாத நாளில் கதையின் தொடக்கத்தையே அது விழுங்கிவிடும். முன்னுரையில் வரும் சின்னச் சம்பவத்தைத் தவறவிட்டால் அன்றைய தலைப்பே எதற்கு என்று புரியாது.

மூன்றாவது, போனில் 22ஆம் நிமிடத்தில் நிறுத்திவிட்டு வீட்டில் கணினியில் அதே 22க்குப் போனால் அதே வாக்கியம் இருக்காது. சற்று முன்னே பின்னே தேடிக்கொள்ளுங்கள்.

ஒன்றரைமடங்கு:

இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா? 1.5 வேகம் வைத்து, மௌன இடைவெளிகளை வெட்டும் ‘ஸ்கிப் சைலன்ஸ்’ போட்டால் இந்திரா நகர் வருவதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும். போகும்போது ஒன்று, வரும்போது இரண்டு.

கத்தரியும்_டேப்பும்:

செய்தி அலசலுக்கு 1.5 வையுங்கள் பாஸ், ஆட்சேபணை இல்லை. இது வேறு ரகம்.

இந்த நிகழ்ச்சியில் பின்னணி இசை எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வருவார், அடியில் இசை ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமான வரி வருவதற்குச் சற்று முன் இசை சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு அந்த வரி தனியாக வந்து விழும். ‘ஸ்கிப் சைலன்ஸ்’ வெட்டி எறிவது சரியாக அந்த மூச்சு இடைவெளியைத்தான். இசை ஓடும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை, ஏனென்றால் அங்கே ஒலி அளவு அறுக்கும் வரம்புக்குக் கீழே இறங்காது. ஆக மிச்சமாவது சொற்ப நேரம், போவது எடிட்டர் உட்கார்ந்து இழைத்த இடம். ஆகாசவாணி நாடகத்தில் கதவு திறக்கும் ஓசைக்கும் முதல் வசனத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

ஆன்டெனாபாடிலும் பாக்கெட் காஸ்ட்ஸிலும் வேகத்தை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக வைக்கலாம். மற்றதற்கெல்லாம் உங்கள் இஷ்டம், இதற்கு மட்டும் 1.0.

ஒன்றரைமடங்கு:

இசை நிற்கும் இடம் சரி, ஒப்புக்கொள்கிறேன். 1.2க்கு மேல் போக மாட்டேன். அதற்குக் கீழே இறங்கச் சொல்லாதீர்கள்.

அல்சூர்_ஒலியன்:

இரைச்சல் கேள்வியை யாரும் தொடவில்லையே.

மெட்ரோ இரைச்சலில் பெரும்பகுதி அடித்தொனி. காதில் தொங்கும் கெட்டி பிளாஸ்டிக் வகை இயர்போன் அதைத் தடுக்காது. நாம் வால்யூமைத்தான் ஏற்றுவோம், நாளடைவில் காதுக்குக் கேடு. சிலிகான் முனை வைத்த, காதுத் துளையை அடைக்கும் வகையை வாங்குங்கள். பெட்டியில் மூன்று அளவு முனை தருவார்கள். நடுத்தரத்தை மாட்டிக்கொண்டு விட்டுவிடாமல் மூன்றையும் போட்டுப் பாருங்கள். நம் குரலே உள்ளுக்குள் முழங்குவதுபோல் கேட்டால் அடைப்பு சரி. இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அறிவிப்பு காதில் விழாமல் மெஜஸ்டிக்கைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஆப் பக்கம்: ஆன்டெனாபாடில் அந்த நிகழ்ச்சியின் செட்டிங்ஸுக்குள் ‘வால்யூம் அடாப்டேஷன்’ இருக்கிறது, அதைச் சற்று ஏற்றுங்கள். பாக்கெட் காஸ்ட்ஸில் ‘வால்யூம் பூஸ்ட்’. பழைய எபிசோடுகளுக்கு இது கூடுதலாகத் தேவைப்படலாம். அமெரிக்கப் பொது வானொலி ஒலிபரப்புக்கான அளவு –24 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்), பாட்காஸ்ட்களில் வழக்கம் –16. வானொலிக்காக மட்டும் தயாரித்த காலத்துக் கோப்பு தாழ்வாகக் கேட்டால் போன்மேல் பழி போடாதீர்கள்.

பர்ப்பிள்லைன்:

ஆன்டெனாபாட் போட்டாயிற்று, பேட்டரிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன். சுரங்கத்தில் நிற்கவில்லை, நன்றி. இனி அப்பா விஷயம். எதிலிருந்து தொடங்கலாம்? வீட்டில் ஸ்பீக்கரில்தான் கேட்பார், குழந்தைகளும் இருப்பார்கள்.

சிற்றலை:

குழந்தைகள் இருந்தால் முதலில் இது. அமெரிக்க வானொலியில் வசைச்சொற்களை ‘பீப்’ போட்டு மறைப்பார்கள். பாட்காஸ்டில் மறைக்காமல் விடுவதுண்டு, அப்படியானால் எபிசோடு ஆரம்பத்திலேயே எச்சரிக்கை வரும். பீப் போட்ட வடிவம் அவர்களுடைய தளத்தில் இருக்கும். ஸ்பீக்கரில் ஓட்டும்போது அங்கிருந்து ஓட்டுங்கள்.

உச்சரிப்புக்குத் தளத்திலுள்ள எழுத்துவடிவம்தான் மருந்து. முழுவதையும் படிக்கக் கொடுத்தால் ருசி போய்விடும். முன்னுரையும் முதல் அங்கத்தின் முதல் பக்கமும் போதும். பேசுகிறவர்கள் யார் யார், ஊர் எது என்று பிடிபட்டுவிட்டால் காது தானாகப் பின்தொடரும். வேகம் 0.9. அதற்குக் கீழே போனால் குரல் இழுபடும்.

எபிசோடு என்றால் 513, ‘129 கார்ஸ்’, 2013. லாங் ஐலேண்டில் ஒரு கார் ஷோரூம், மாதக் கடைசிக்குள் 129 வண்டி தள்ளியாக வேண்டும். பேரம், கெஞ்சல், மேலாளரின் புலம்பல். வியாபாரம் பார்த்த எவருக்கும் மொழிபெயர்ப்பே வேண்டாம். கணக்கு வழக்கில் ஈடுபாடு உள்ளவர் என்றால் 355, ‘தி ஜயன்ட் பூல் ஆஃப் மணி’, 2008. அமெரிக்க வீட்டுக்கடன் எப்படிக் கவிழ்ந்தது என்பதை அந்தச் சங்கிலியில் இருந்த ஆட்களின் வாயாலேயே சொல்ல வைத்திருப்பார்கள். 688, ‘தி அவுட் கிரவுட்’, ஒலி இதழியலுக்கு முதல்முறையாகப் புலிட்சர் தந்தபோது, 2020இல், அதற்குத்தான் கிடைத்தது. கனமானது, முதல் வாரமே வேண்டாம்.

கத்தரியும்_டேப்பும்:

460ஐயும் பட்டியலில் வையுங்கள். 2012 ஜனவரியில் ஒலிபரப்பான 454இல் ஒரு நாடகக் கலைஞர் சீனத் தொழிற்சாலை பற்றிச் சொன்னதில் இட்டுக்கட்டியவை கலந்திருந்தன. அது தெரிந்ததும் மார்ச்சில் ஒரு முழு எபிசோடை அதைத் திரும்பப் பெறுவதற்கே ஒதுக்கினார்கள், ‘ரிட்ராக்ஷன்’ என்ற பெயரிலேயே. 454ஐத் தேடி அலைய வேண்டாம், ஒலியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அல்சூர்_ஒலியன்:

ஒரு மணி நேரம் உட்கார அப்பா அலுத்துக்கொண்டால் ‘தி மோத்’ வையுங்கள். மேடையில் ஒருவர், கையில் குறிப்பில்லாமல், தனக்கு நடந்ததைச் சொல்வார். ஒரு கதை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பக்கத்தில் அரங்கச் சிரிப்பும் கேட்கும்.

ஆன்டெனாபாட் போட்டதும் டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட் ஒன்று எடுத்து மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். ஓபிஎம்எல் கோப்பு நிகழ்ச்சிப் பட்டியலை மட்டும்தான் காப்பாற்றும். எதை எதுவரை கேட்டீர்கள் என்பது டேட்டாபேஸில்தான் இருக்கிறது. போன் மாற்றும்போது டேட்டாபேஸ் கோப்புதான் உதவும்.