தீயணைப்புப் பயிற்சித் தேர்வில் நீங்கள் எங்கே தடுமாறினீர்கள்?

காங்கேயம் பக்கம், தோட்டக்காரர்

வணக்கம்ங்க. போன மாசியில் பக்கத்துத் தோட்டத்தில் சோளத்தட்டுப் போர் தீப்பிடித்தது. நாங்கள் நாலைந்து பேர் குடத்திலும் பக்கெட்டிலும் ஊற்றிப் பார்த்தோம். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் போர் முழுவதும் போய்விட்டது. கட்டுத்தரையில் இருந்த இரண்டு எருமைகளை அவிழ்த்துவிட்டதுதான் மிச்சம். வந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 18 கிலோமீட்டர் தாண்டி வந்தார்கள், கடைசி அரை கிலோமீட்டர் இட்டேரியில், இரண்டு பக்கமும் வேலி உள்ள குறுகலான தடத்தில், வண்டி நுழையவில்லை. அங்கிருந்து ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அப்புறம் எங்கள் ஊரில் 14 பேர் சேர்ந்து நிலையத்தில் போய்க் கேட்டோம். ஆறு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார்கள், ஏழாவது ஞாயிறு தேர்வு. தீயணைப்பு நம் மாநிலத்தில் அரசுத் துறையின் வேலை. வண்டி வருகிற வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டியவர்கள் நாங்கள். அந்த அரைமணி நேரத்துக்குத்தான் இவ்வளவு பயிற்சியும்.

முடிச்சு, குழாய் பிடிப்பது, ஆளைத் தூக்குவது எல்லாம் வீட்டிலேயே பழகிக்கொண்டு போனேன். முதல் கேள்வியே போன். நிலைய அலுவலர் எதிரில் உட்கார்ந்து, "நான் 101 எடுக்கிறவன், உங்க தோட்டத்துல தீ, சொல்லுங்க" என்றார். "சார், நம்ம மேட்டுத்தோட்டத்துல தட்டுப்போர் எரியுதுங்க, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர், எந்த ரோட்டிலிருந்து பிரிவு, உள்ளே ஆள் இருக்கிறதா, வண்டி எதுவரைக்கும் வரும், தாழ்ந்த மின்கம்பி எங்கே, பக்கத்தில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, என் பேர் என்ன, நம்பர் என்ன. இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. பத்துக்கு இரண்டு போட்டார்.

போன மாசியில் போன் செய்ததும் நான்தான். அன்றைக்கு என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். இதே வார்த்தைகள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பயிற்சியில், தேர்வில் உங்களுக்கு எங்கே போனது?

திருப்பூர், பனியன் கம்பெனி, தையல் பிரிவு

அண்ணா, எனக்கு ஆள் கணக்கில் போனது.

எங்கள் கம்பெனியில் தீயணைப்புக் குழுவுக்கு எட்டுப் பேரைப் பெயர் கேட்டார்கள், நான் கையைத் தூக்கினேன். ஒரு இரும்புத் தட்டில் கட்டிங் வேஸ்ட்டைப் போட்டுப் பற்றவைத்து, ஆளுக்கு ஒரு 6 கிலோ பவுடர் சிலிண்டர் கொடுத்தார்கள். பின்னை இழு, அடியைப் பார், அழுத்து, இடம் வலமாக வீசு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் தீயைப் பார்த்ததும் கண் சுவாலையின் உச்சிக்குத்தான் போகிறது. மேலேயே அடித்துக்கொண்டிருந்தேன். 20 நொடி இருக்கும், சிலிண்டர் தீர்ந்துவிட்டது, பவுடர் பறந்ததே தவிர தீ அப்படியே இருந்தது. கையில் இருப்பது 20 நொடிதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாம் முறை குனிந்து அடியில் அடித்தேன், பாதியிலேயே அணைந்தது. கரண்ட் பேனலுக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அந்தக் கொம்புபோல் இருக்கும் வாயைக் கையால் பிடிக்கக் கூடாது, குளிர் தோலைப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். அதை மறக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒத்திகை. சைரன் அடித்ததும் என் லைன் ஆட்களை இறக்கிக்கொண்டு போய் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி எண்ண வேண்டும். 41 பேரை எண்ணினேன். நோட்டிலும் 41. "எல்லாரும் வந்தாச்சு" என்றேன். பயிற்சி கொடுத்தவர் மேலே போய் பாத்ரூமிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒடிசாவிலிருந்து வந்து அந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த பையன்கள். என் நோட்டில் பெயரே ஏறவில்லை. நாங்கள் "தீ, தீ" என்று கத்தியது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது, என்னவென்று புரியவில்லை. ஏதோ சண்டை என்று நினைத்து உள்ளேயே இருந்திருக்கிறார்கள்.

இப்போது ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது நானே எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறேன். "ஆக், ஆக், பாஹர் சலோ" (தீ, தீ, வெளியே போங்க) என்று இந்தியில் கத்தவும் கற்றுக்கொண்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. அந்த இரண்டு பையன்களை வைத்தே லைனில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தோம். மாடிப்படியில் பண்டல் அடுக்குவதை மட்டும் இன்னும் முழுதாக நிறுத்த முடியவில்லை. சரக்கு ஏற்றும் நாளெல்லாம் சண்டைதான்.

ஈரோடு மாவட்டம், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

தம்பி, அம்மணி, இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி எழுதியதில் சந்தோஷம். நான் தேர்வு வைத்த பக்கத்தில் இருந்தவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

குழாய் விரிப்பதை நேரம் வைத்துப் பார்ப்போம். டெலிவரி ஓஸ் ஒரு நீளம் 15 மீட்டர், குறுக்களவு 63 மில்லிமீட்டர். காலியாக இருக்கும்போது பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் ஏறியதும் அந்த ஒரு நீளத்தில் மட்டும் 46, 47 லிட்டர் நிற்கும். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் தண்ணீர் ஏறிய பிறகு நகர்த்தச் சொல்வேன். பிராஞ்சை, அதாவது ஓஸின் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழலை, தனியாகப் பிடிக்கிறேன் என்று முன்னால் போகிறவனுக்கு மார்க் குறைப்பேன். பின்னால் தாங்க ஆள் வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். முடிச்சைக் கண்ணைக் கட்டிப் போடச் சொல்வேன், கயிறையும் நனைத்துக் கொடுப்பேன். புகையிலும் ராத்திரியிலும் கண் உதவாது. ஆளைக் கட்டித் தூக்கும் நாற்காலி முடிச்சு தோட்டத்து ஆட்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். மாட்டுக்குத் தும்பு கட்டிப் பழகிய கை.

ஆனால் நான் பெரிதாகப் பார்ப்பது கிணறு. நம் சீமையில் தீயைவிடக் கிணறுதான் எங்களை அதிகம் அழைத்தது என்று எனக்குத் தோன்றும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். கோடை. தண்ணீர் கீழே போய்விட்டதென்று ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி, நடுவில் பலகை போட்டு வைத்து ஓட்டியிருக்கிறார்கள். புகை மேலே வர வழியில்லை. எஞ்சினை நிறுத்தப் போனவர் விழுந்தார். அவர் தம்பி இறங்கினார். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியும், மூன்று பேரும் பலசாலிகள். நாங்கள் மூச்சுக்கருவி போட்டுக்கொண்டு இறங்கினபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. நாலாவதாக ஒருவர் இறங்கக் கிளம்பியிருக்கிறார். அவருடைய வீட்டம்மா வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார். அந்தக் கிணற்றடியில் சரியாக வேலை செய்த ஒரே ஆள் அந்த அம்மாதான்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும், அது சரி. ஆளைக் கொல்லும் அளவுக்கு இந்த வாயு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகையால் தேர்வில் ஒரு பாழுங்கிணற்றில் மணல் மூட்டைக்குச் சட்டை போட்டுக் கிடத்தி, "கீழே கிடக்கிறது உன் அண்ணன், என்ன செய்வாய்" என்று கேட்பேன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒரு பையன் இருந்தான். மற்ற எல்லாவற்றிலும் முதல். நான் கேட்டு முடிப்பதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டான். பூஜ்யம் போட்டேன். முகம் சிவந்து, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

காங்கேயம் பக்கம், தோட்டக்காரர்

ஐயா, அந்தப் பையன் திரும்ப வந்தானுங்களா? எங்கள் குழுவிலும் அப்படி ஒருத்தன் இருக்கிறான். அவன் போய்விட்டால் குழுவே ஆட்டம் கண்டுவிடும். உண்மையைச் சொன்னால், என் சொந்த அண்ணன் என்றால் நானே இறங்கியிருப்பேன்.

பொள்ளாச்சி, மஞ்சி மில்

நானும் பூஜ்யம் வாங்கியவன்தான். ஆனால் தேர்வுக்கு முன்பே நிஜத்தில் வாங்கிவிட்டேன்.

தேங்காய் மட்டையை அடித்து மஞ்சி, அதாவது நார், எடுத்த பிறகு மிஞ்சும் தூளை மில்லுக்குப் பின்னால் மலைபோல் குவித்து வைத்திருப்போம். நாங்கள் பித்து என்போம். ஒரு பங்குனியில் அதில் தீ. சுவாலை பெரிதாக இல்லை, புகைதான். மூன்று மணி நேரம் ஓஸ் போட்டு அடித்தோம், மேலே கருப்பாக நனைந்து அடங்கிவிட்டது. ஆட்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஆனைமலைப் பக்கமிருந்து காற்று வீசியதும் குவியல் பிளந்துகொண்டு எரிந்தது. பக்கத்திலிருந்த மஞ்சிக் கட்டுகளும் சேர்ந்து போயின.

காய்ந்த பித்து தண்ணீரைச் சட்டென்று குடிக்காது. மேலே ஊற்றுவது வழிந்து ஓடிவிடும். உள்ளே கங்கு நாள்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். பயிற்சி கொடுக்க வந்தவர்கள் அதை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? சின்னக் குவியல் ஒன்றைப் பற்றவைத்து எங்களை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தோம். "முடிந்ததா?" என்று கேட்டார்கள். முடிந்தது என்று நான்தான் முதலில் சொன்னேன், அவ்வளவு நடந்த பிறகும். ஒரு இரும்புக் கம்பியை உள்ளே செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, புறங்கையை அருகில் கொண்டுபோகச் சொன்னார்கள். கொதித்தது. அப்புறம் மண்வெட்டியால் பிளந்து காட்டினார்கள், உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது.

இன்னொன்று. குவியல்மேல் ஏறி நின்று தண்ணீர் அடிக்கக் கூடாது. உள்ளே எரிந்து குழிந்திருக்கும், மேலே ஓடு மட்டும் நிற்கும், கால் உள்ளே போய்விடும். அன்றைக்கு என் மில் ஆட்கள் இரண்டு பேர் மேலே நின்றுதான் அடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஓரத்திலிருந்து ஜேசிபியால் வாரிப் பரப்பி, பரப்பியதை நனைத்து, திரும்பப் புரட்டி நனைப்பதுதான் வழி. தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்தால் உள்ளே இறங்கும். அணைந்த பிறகும் ராத்திரிக் காவல். அந்தக் காவலுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் ஆள் தூங்கிவிடுவான், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

கோவை, கல்லூரி மாணவி

எங்கள் வீடு போத்தனூர் பக்கம். 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு எரிந்தபோது நாள்கணக்கில் சன்னலைத் திறக்கவில்லை. பாட்டிக்கு மூச்சு வாங்கியது, எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அதனால்தான் பேரிடர் நேரத்தில் உதவும் தன்னார்வலர்களுக்கு அரசு கொடுக்கும் ஆப்த மித்ரா பயிற்சியில் சேர்ந்தேன், 12 நாள்.

நான் தடுமாறியது நெஞ்சழுத்தத்தில். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. எண்ணிக்கை எல்லாம் சரி, ஆழம் போகவில்லை. பொம்மைக்கு வலிக்கும் என்பதுபோல் பயந்து பயந்து அழுத்தினேன். முழங்கையை மடக்காமல், தோளை நேராக மேலே கொண்டுவந்து உடம்பின் எடையைப் போடச் சொன்னார்கள். மூன்றாம் முறை வந்தது. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது, பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. அதற்கும் மார்க் குறைத்தார்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. கிணற்றில் இறங்கக் கூடாது என்றால் அந்த நேரத்தில் மேலே நிற்கிறவர்கள் என்னதான் செய்வது? சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாதே.

ஈரோடு மாவட்டம், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

சும்மா நிற்கச் சொல்லவில்லை கண்ணு. வேலை நிறைய இருக்கிறது. 101-க்கு அழைத்து "கிணற்றுக்குள் வாயு, ஆள் மயக்கம்" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மூச்சுக்கருவியோடு தயாராக வருவார்கள். 108-க்கும் சொல்ல வேண்டும். கீழே இருப்பவருக்கு நினைவு இருந்தால் இறுகாத வளையம் போட்ட கயிறை இறக்கி, கக்கத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுவிசிறியோ மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரின் காற்றோ கிடைத்தால் உள்ளே காற்றைச் செலுத்தலாம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், சொந்தக்காரர்களைப் பிடித்து நிறுத்துவது. அவர்கள் அடிப்பார்கள், திட்டுவார்கள். அதற்கென்றே இரண்டு பேரை ஒதுக்குங்கள்.

காங்கேயத்துத் தம்பி, அந்தப் பையன் மூன்று வாரம் கழித்து வந்தான். என் வீட்டு வாசலில் நின்று, "ஐயா, அப்ப அண்ணனை அப்படியே விட்டுடறதா" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர். உட்காரவைத்து அந்த மூன்று பேர் கதையைச் சொன்னேன். அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான், அது எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டேன். மறுதேர்வில் மூட்டையைப் பார்த்ததும் கால் படிக்கட்டுக்குத்தான் போனது. நின்றான். திரும்பிப் பக்கத்தில் இருந்தவனிடம், "என்னைப் பிடிச்சுக்கடா" என்றான். முழு மார்க் போட்டேன்.

காங்கேயம் பக்கம், தோட்டக்காரர்

ஐயா, இதை எங்கள் பையனிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. போகும்போது, வருகிற ஞாயிறு மணல் மூட்டைக்குத் தன் பழைய சட்டையைக் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னான். எங்கள் தெற்குத் தோட்டத்துக் கிணறு பாழாகத்தான் கிடக்கிறது, அதிலேயே வைத்துக்கொள்கிறோம். படியில் செடியை வெட்டி, வாயில் வேலி கட்டிவிட்டேன்.

போன் விஷயம். எங்கள் ஊரில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ரோட்டிலிருந்து வழி, இட்டேரி அகலம், தண்ணீர் நிற்கும் கிணறு மூன்றையும் எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டுகிறோம். இதுவரை 31 தோட்டம் முடிந்தது. மூன்று இடத்தில் வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் இன்னும் யோசிக்கிறார்.