சிச்சுவான் மிளகு விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது

வணக்கம். லண்டனில் இருக்கிறேன். போன அக்டோபரில் நண்பர் வீட்டுச் செடியிலிருந்து சிச்சுவான் மிளகு பறித்து வந்தேன். பெயர்தான் மிளகு, உண்மையில் எலுமிச்சைக் குடும்பம். நாக்கை மரத்துப்போக வைப்பது சிவப்புத் தோல்தான். உள்ளே விதை கறுப்பாக, எண்ணெய் பூசியது போல மின்னும். அந்தப் பசை தண்ணீரை உள்ளே விடாது என்று சலவைச் சோடா கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். அப்புறம் குளிர்காலம் கண்டால்தான் முளைக்கும் என்று ஈர மணலில் கலந்து 3 மாதம் ஃபிரிட்ஜில் (வீட்டில் வாங்கிய திட்டு தனி).

மார்ச்சில் 20 விதை ஊன்றினேன். ஜூன் வந்துவிட்டது, ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றைத் தோண்டி உடைத்தேன். பருப்பு வெள்ளையாக, கெட்டியாகத்தான் இருக்கிறது. தொட்டியை இன்னொரு குளிர்காலம் வெளியே விடவா, மறுபடி ஃபிரிட்ஜா? விதையிலிருந்து வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.