ரைபோசிக்லிப் மாத்திரை போடுறப்போ செரோஃப்ளோ இழுக்கலாமா? அம்மாவுக்கு படபடப்பு, அவசரம்

தேனிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, மார்புப் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருக்கு. ரைபோசிக்லிப் 200 மில்லிகிராம் காலைல மூணு, கூட லெட்ரோசோல் ஒண்ணு, ஆரம்பிச்சு இன்னிக்கு 12வது நாள். 21 நாள் போட்டுட்டு ஒரு வாரம் விடணும்னு சொல்லியிருக்காங்க. நாலு நாளா ராத்திரி படுத்தா நெஞ்சு தடதடன்னு அடிக்குதுங்கறாங்க, காபி டம்ளர் பிடிக்கறப்போ கை லேசா நடுங்குது. நான் வியாதி பயம்னு நினைச்சேன். நேத்து நைட்டு மாத்திரை டப்பாக்குள்ள இருந்த பேப்பரை உக்காந்து படிச்சப்பதான் சில மருந்துங்களோட சேரக்கூடாதுன்னு இருந்துச்சு, அப்பதான் பொறி தட்டுச்சு, அம்மா 20 வருஷமா ஆஸ்துமாவுக்கு செரோஃப்ளோ 250 ரோட்டாகேப் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு இழுக்கறாங்க, அதை நாங்க ஆஸ்பத்திரில சொல்லவே இல்ல!! அங்க நர்ஸ் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க"ன்னு கேட்டாங்க, அம்மா "பிபி மாத்திரை மட்டும்"னாங்க. பொய் இல்லையே, இன்ஹேலரை யாரு சாப்பிடறா? அது சாமி ஷெல்ஃப்ல விபூதி டப்பா பக்கத்துல இருக்கும், பல்லு தேய்க்கற மாதிரி ஒரு பழக்கம், அவ்ளோதான். நாளான்னிக்கு 14வது நாள் இசிஜிக்கு வரச்சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் செரோஃப்ளோவை நிறுத்திடவா? யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை குமரன்:
பயப்படாதீங்க சிஸ்டர், இன்ஹேலர் நேரா நுரையீரலுக்குத்தான் போகும், ரத்தத்துல கலக்காது, அதனாலதான டாக்டருங்களே மாத்திரையை விட அது சேஃப்ங்கறாங்க. எங்கப்பா பத்து வருஷமா சுகர் மாத்திரை பிபி மாத்திரை எல்லாத்தோடயும் சேர்த்துதான் இழுக்கறாரு, ஒண்ணும் ஆகல.

திருச்சி ஃபார்மசிஸ்ட்:
குமரன் சார், நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இது தப்பு. பவுடரை இழுக்கறப்போ நுரையீரலுக்குப் போறது கொஞ்சம்தான், பெரும்பகுதி நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டி எச்சிலோட வயித்துக்குப் போயிடும். சாதாரணமா அது பிரச்சனை இல்ல, ஏன்னா குடல்லயும் ஈரல்லயும் சிஒய்பி3ஏ4ன்னு ஒரு என்சைம் இருக்கு, அது செரோஃப்ளோல இருக்கற சால்மெடராலையும் (மூச்சுக்குழாயை விரிக்கறது) ஃப்ளூட்டிகசோனையும் (ஸ்டீராய்டு) ரத்தத்துக்கு அதிகம் விடாம உடைச்சுப் போட்டுடும். வாசல்ல நிக்கற காவக்காரன்னு வெச்சுக்கோங்க. 600 மில்லிகிராம் ரைபோசிக்லிப் அந்தக் காவக்காரனைக் கட்டிப்போட்டுடுது, இந்த என்சைமை வலுவா தடுக்கற மருந்துங்க லிஸ்ட்டுல இது இருக்கு.

ஒரு உதாரணம். கீட்டோகோனசோல்னு ஒரு பூஞ்சை மருந்து, அதுவும் இதே என்சைமைத்தான் தடுக்கும். நல்லா இருக்கற 20 பேருக்கு அதையும் சால்மெடராலையும் சேர்த்து ஏழு நாள் குடுத்துப் பார்த்ததுல ரத்தத்துல சால்மெடரால் மொத்த அளவு 16 மடங்கு ஏறுச்சு, மூணு பேரை பாதியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு, ரெண்டு பேருக்கு க்யூடி (இதயம் ஒரு தடவை துடிச்சு மறுபடி தயாராக எடுக்கற நேரம், இசிஜில தெரியும், ரொம்ப நீண்டா துடிப்பு தாறுமாறாகலாம்) நீண்டுச்சு, ஒருத்தருக்குப் படபடப்பு. ரைபோசிக்லிப்போட அதே 16 மடங்கு ஏறும்னு நான் சொல்லல. ஆனா ரைபோசிக்லிப்பே தனியா க்யூடியை நீட்டக்கூடிய மருந்து, அதுக்குத்தான் உங்களுக்கு அந்த 14வது நாள் இசிஜி. ஸ்டீராய்டு பக்கம் இப்ப தெரியாது, ஃப்ளூட்டிகசோன் சேர்ந்துக்கிட்டே போனா கொஞ்ச நாள் கழிச்சு முகம் உப்பறது, சுகர் ஏறறது, அட்ரீனல் சுரப்பி சோம்பேறி ஆகறதுன்னு வரும். எச்ஐவிக்குக் குடுக்கற ரிட்டோனவிரோட இதே ஃப்ளூட்டிகசோன் சேர்ந்து பலருக்கு அப்படி வந்திருக்கு.

இப்ப முக்கியமானது தங்கச்சி: நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, இன்ஹேலரையும் சரி மாத்திரையையும் சரி. 20 வருஷ ஆஸ்துமாக்காரங்களுக்கு திடீர்னு நிறுத்தினா இழுப்பு வந்து வேற வம்பாயிடும். நாளான்னிக்கு வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே ஆன்காலஜி நம்பருக்குப் போன் பண்ணி "படபடப்பு இருக்கு, சால்மெடரால் இழுக்கறாங்க"ன்னு இந்த வார்த்தையிலயே சொல்லுங்க, இசிஜியோட பொட்டாசியம் மெக்னீசியமும் பார்க்கணுமான்னு கேளுங்க. தலை சுத்தி கண்ணு இருட்டுனா, மயக்கம் வந்தா போன் கீன் எல்லாம் வேண்டாம், நேரா எமர்ஜென்சி. வாந்திக்கு ஒண்டன்செட்ரான் இருக்கா? அதுவும் க்யூடியை நீட்டும், சொல்லிடுங்க. சளி புடிச்சா கடையில அசித்ரோமைசின் வாங்கிப் போடற பழக்கத்தை இன்னியோட விடுங்க, அதுவும் அதே கட்சி.

கோவை குமரன்:
தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஃபோராகார்ட்டுக்கும் இப்படித்தானா சார்? அப்பா அதான் இழுக்கறாரு.

திருச்சி ஃபார்மசிஸ்ட்:
அதுல ஃபார்மோட்டெராலும் புடசோனைடும். ஃபார்மோட்டெரால் உடையற வழி வேற, ஒரே என்சைமை நம்பி இல்ல, ஆனாலும் இதயத்துடிப்பை ஏத்தற குணம் அதுக்கும் உண்டு. புடசோனைடுக்கு அதே சிஒய்பி3ஏ4தான். அப்பாவுக்கு வலுவான தடுப்பான் எதுவும் இல்லேன்னா கவலை வேண்டாம். எந்த ஸ்டீராய்டு இன்ஹேலரா இருந்தாலும் இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சு துப்பச் சொல்லுங்க, முழுங்கக்கூடாது.

கிருஷ்ணவேணி:
தேனி தங்கச்சி, நான் வேற ஒண்ணு சொல்றேன். எங்கம்மாவுக்கு பால்போசிக்லிப், அதுவும் இதே குடும்பம்தான், அவங்களும் ஆஸ்துமா. நாலாவது மாசம் வறட்டு இருமல், நாலு படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. ஆஸ்துமாதானேன்னு வீட்லயே அஸ்தலின் நெபுலைசர் வெச்சு வெச்சு பத்து நாள் ஓட்டிட்டோம், கடைசில சிடி எடுத்தா நுரையீரல்ல மருந்தால வந்த அழற்சி. இந்த வகை மாத்திரைங்களுக்கு இப்படி வரலாம்னு அமெரிக்காவுல மருந்துங்களைக் கண்காணிக்கற எஃப்டிஏ 2019 செப்டம்பர்லயே எச்சரிச்சிருக்கு, எங்களுக்குத்தான் தெரியல. உங்கம்மாவுக்கு புதுசா இருமல் மூச்சு வாங்கல் வந்தா எடுத்தவுடனே இழுப்புன்னு முடிவு கட்டாதீங்கம்மா. நான் இப்பல்லாம் ஒரு மஞ்சப்பைல எல்லாத்தையும் போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன், இன்ஹேலர், கண்ணு சொட்டு, சூரணம், முட்டிக்குத் தேய்க்கற தைலம் உட்பட, டேபிள்ல கொட்டிடுவேன். டாக்டர் சிரிப்பாரு, சிரிக்கட்டும்.

அப்புறம் ரத்தம் ஊறும்னு மாதுளை ஜூஸ் குடுக்கறீங்களா? ரைபோசிக்லிப்புக்கு 2017ல வந்த அமெரிக்க லேபிள்ல கிரேப்ஃப்ரூட்டோட மாதுளையும் வேண்டாம்னு இருந்துச்சு, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

தேனிப்பொண்ணு:
அப்டேட். அன்னிக்கு மதியமே போன் பண்ணேன், உடனே வரச்சொல்லிட்டாங்க. க்யூடிசி (துடிப்பு வேகத்துக்கு ஏத்தபடி சரிபண்ணின க்யூடி, மில்லிசெகண்டுல) 462, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 431 இருந்துச்சு. 480 தாண்டினாதான் மாத்திரையை நிறுத்தி வைப்போம்னாங்க, அதனால ரைபோசிக்லிப் தொடருது, அடுத்த வாரம் மறுபடி இசிஜி. பொட்டாசியம் கொஞ்சம் கம்மி, அதுக்கு சிரப் குடுத்தாங்க. நெஞ்சு டாக்டர் செரோஃப்ளோவை எடுத்துட்டு சால்மெடரால் இல்லாத வேற ஒண்ணு எழுதியிருக்காரு, ஸ்டீராய்டும் வேற, ஸ்பேசர் வெச்சு அடிக்கறது. நாலு நாள்ல கை நடுக்கம் போயிடுச்சு, ராத்திரி தூங்கறாங்க. ஃபைல் அட்டை மேலயே ஒருத்தர் சிவப்பு மையில இன்ஹேலர்னு எழுதிட்டாரு. மாதுளையும் நிறுத்தியாச்சு, ஒரு கிலோ வாங்கி வெச்சிருந்தேன், தம்பி தின்னு தீர்த்துட்டான்.

அம்மாதான் திட்டிக்கிட்டே இருக்காங்க, பழைய பவுடர்ல லேசா ஒரு இனிப்பு இருக்கும், இதுல ஒண்ணுமே தெரியல, மருந்து உள்ள போச்சா இல்லையான்னே தெரியலடி, காசை வாங்கிட்டு காத்தை அடைச்சுக் குடுத்துட்டாங்கங்கறாங்க.